முதல் ஓலைக்குத் தடை

பனைவிளை, கருங்கல் வழி
15-1-1950

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ரசலையனுக்கு,

அக்காள் நேசம்மாளின் ஸ்தோத்திரம். அப்பாவுக்குக் குளிரில் பிடித்த இருமல் இன்னும் விட்டபாடில்லை. சபையில் பிரசங்கம் செய்ய எழுந்தால் மட்டும் இருமல் காணாமல் போகிறது, அது என்ன வித்தையோ. நான் நன்றாக இருக்கிறேன். அந்த மலைக் குளிரில் நீ கம்பளி போர்த்துகிறாயா, இல்லை பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாயா என்று எழுது.

இந்த வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வகுப்புக்கு ஆதியாகமம். வகுப்பு என் தலையில் விழுந்தது. பாடங்களை முழுக்கப் புரட்டிப் பார்த்துத் திகைத்துப் போனேன். நோவா பேழையை விட்டு இறங்கித் திராட்சத்தோட்டம் போட்டு, குடித்துவிட்டு உடுதுணி இல்லாமல் கிடக்கிறார். ஆபிரகாம் பொய் சொல்கிறார். ஈசாக்கு அதே பொய்யை அப்பன் சொத்துபோல எடுத்து வைத்துச் சொல்கிறார். யாக்கோபைப் பற்றி எழுதவே வேண்டாம். "இவங்களையா அப்பா பிள்ளைகளுக்குக் காட்டிக் குடுக்கணும்?" என்று கேட்டேன். "விசுவாசத்தப் பாரு மக்ளே, குத்தத்தப் பாக்காத" என்றார். எனக்கோ குற்றம்தான் முதலில் கண்ணில் படுகிறது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டு திருத்தித் திருத்தி வந்த புத்தி.

இனி விஷயம். கருங்கல் சந்தையில் ஏலக்காய், மிளகு என்று மலஞ்சரக்கு வியாபாரம் பார்க்கிற குமாரதாஸ் அண்ணன் உனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். இரணியல் சபை, பெயர் ஜெபகுமாரி, பெண்பள்ளியில் வாத்தியார். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மூத்தவள் நான் இருக்கத் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்களே என்று ஊரில் சிலர் கேட்டார்கள். லேயாளுக்கு லாபான் என்று ஒரு அப்பன் இருந்தான், தங்கைக்குப் பதில் மூத்தவளை முக்காடு போட்டு யாக்கோபு தலையில் கட்டிவிட்டான், எங்க அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை, நம்பு.

உனக்கு விருப்பமில்லை என்றால் வாய் திறந்து சொல்லிவிடு. அப்பா கேட்டு நீ பேசாமல் இருந்தால் நம் வீட்டில் அது சம்மதம். சின்னதிலிருந்தே அப்படித்தானே. குமாரதாஸ் அண்ணன் ஏலக்காய் வாங்கக் குமுளி வருகிறார், உன்னையும் பார்ப்பார்.

உன் அக்காள்,
நேசம்மாள்


வண்டிப்பெரியாறு
6-2-1950

அன்புள்ள அக்காளுக்கு,

தம்பி எழுதுவது. சுகம். அப்பாவின் இருமலுக்கு மலைத்தேன் ஒரு குப்பி குமாரதாஸ் அண்ணன் கையில் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் வந்தார், மத்தியானம் சாப்பிட்டார், அன்றைக்கே புறப்பட்டுவிட்டார். இங்கே எஸ்டேட் ஆபீசில் வேலை அதிகம். புது மேனேஜர் வந்திருக்கிறார், கணக்கெழுதுகிற ரைட்டர்கள் எங்களால் நிமிர முடியவில்லை. அட்டைக்கடி வேறு. லீவு கேட்க இது சமயமில்லை.

உன் வகுப்பைப் பற்றி நிறைய எழுது. படிக்க நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்.

தம்பி,
ரசலையன்


பனைவிளை
26-2-1950

பிரியமான தம்பிக்கு,

அக்காள் ஸ்தோத்திரம். அப்பா தேனைக் குடித்துவிட்டு, குப்பியைக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடித்தார். இருமல் பரவாயில்லை.

நீ எழுதியது பத்து வரி. சம்பந்தத்தைப் பற்றி ஒரு வரியில்லை. சரி, குமாரதாஸ் அண்ணன் சொன்னதை வைத்து நிரப்பிக்கொண்டேன். உன் குவார்ட்டர்ஸில் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பை இன்னும் மெச்சுகிறார். கூட வேலை பார்க்கிற ஒருவரின் தங்கையாம், உனக்குச் சமைத்துத் தருகிறாளாம், நீ சொன்னாயாம். அப்பாவும் "பையனுக்கு நேரத்துக்குச் சோறு கிடைக்குதே" என்று சந்தோஷப்பட்டார்.

இன்றைக்கு வகுப்பில் ஆபிரகாம் பஞ்சத்துக்கு எகிப்துக்குப் போன பாடம். மனைவி சாராள் அழகி, அவளுக்காகத் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, சகோதரி என்று சொல்லிவிடுகிறார். பார்வோன் அவளை அரண்மனைக்குக் கொண்டுபோய்விடுகிறான். நானும் அப்பா சொல்லித்தந்தபடி, பெரிய விசுவாசிக்கும் பயம் வரும், தேவன் அவரைக் கைவிடவில்லை என்று சொல்லி முடித்தேன். அப்போது தேவகனி என்று ஒரு பெண், வாயே திறக்காதவள், எழுந்து கேட்டாள்: "அவரு அப்பிடிச் சொல்லும்போ சாராளும் பக்கத்துல நிண்ணாளா டீச்சர்? அவளுக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். சாராள் அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தம்பி, ஒன்று கேட்கிறேன். குமாரதாஸ் அண்ணன் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். உன் வீட்டுக் கொடியில் சாண் நீளத்தில் ஒரு கவுன் காய்ந்துகொண்டிருந்ததாம். சமைக்க வருகிறவள் பிள்ளையின் துணியை உன் வீட்டில் ஏன் காயப்போடுகிறாள்? அப்பாவுக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

அக்காள்


பனைவிளை
2-4-1950

தம்பிக்கு,

நாங்கள் சுகம். குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். தபால்காரர் நாராயணபெருமாள் நம் வீட்டைத் தாண்டும்போது இப்போதெல்லாம் அவராகவே கடிதம் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். உனக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லையே?

கோபத்தில் கேட்கவில்லை மக்கா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அக்காள்


வண்டிப்பெரியாறு
20-4-1950

அன்புள்ள அக்காளுக்கு,

காய்ச்சல் இல்லை. சுகமும் இல்லை.

அவள் பெயர் அன்னக்கிளி. ஊர் கம்பம். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். நம்முடைய ஆட்கள் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. இங்கே கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தை ஒட்டி ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது, அதன் முன்னால் மாலை மாற்றிக்கொண்டோம். இங்குள்ள சபை ஐயரிடம் போயிருக்கலாம். போனால் அவர் அப்பாவுக்கு எழுதிவிடுவார் என்று போகவில்லை. ஒன்றரை வயதில் மகள் இருக்கிறாள். பொன்னுத்தாய் என்று அன்னக்கிளி தன் அம்மாவின் பெயரை வைத்திருக்கிறாள். நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் நம் வீட்டுப் பெயராக வைக்க வேண்டியிருக்கும்.

குமாரதாஸ் அண்ணன் வாசலில் நின்று "இது ஆரு?" என்று கேட்டபோது, சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்துவிட்டது. அன்னக்கிளி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் போன பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். அவள் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உன் வகுப்புப் பெண் கேட்டதைப் படித்த நாளிலிருந்து எனக்கு உனக்கு எழுதக் கை வரவில்லை.

அப்பாவிடம் நீ சொல்லாதே. மே மாசம் லீவு எடுத்து வந்து நானே நேரில் சொல்கிறேன். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

தம்பி,
ரசலையன்


பனைவிளை
7-5-1950

பிரியமான தம்பிக்கும், அன்னக்கிளிக்கும், பொன்னுத்தாய்க்கும்,

அக்காளின் ஸ்தோத்திரம். மூன்று பேரும் சுகமா?

உன் கடிதத்தைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று படித்து அழுதேன். நீ கல்யாணம் செய்ததற்கு அழவில்லை, என் மருமகள் பிறந்து நடக்கத் தொடங்கியதுகூட எனக்குத் தெரியவில்லையே என்று அழுதேன். பிறகு கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது, நான் யாக்கோபுக்கும் ஆபிரகாமுக்கும் மார்க்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், என் தம்பி மலைமேல் அவர்களுக்கே பாடம் நடத்துகிறான்.

ஆபிரகாமுக்குக் கழுத்துக்குக் கத்தி வரும் என்ற பயம். உனக்கு என்ன வரும்? அப்பா திட்டுவார், சாப்பிடாமல் கிடப்பார், சபையார் இரண்டு மாசம் பேசுவார்கள். அவ்வளவுதானே. எனக்கும் அப்பாவிடம் பயம்தான், ஆனால் நான் இங்கேயே இருப்பதால் அது பழகிவிட்டது. தூரத்தில் இருக்கிற உனக்கு அது வளர்ந்துகொண்டே போகிறது.

அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன். வாக்கு. அது நீ சொல்ல வேண்டியது. மே கடைசிக்குள் வா. கவுன் இரண்டு தைத்து அனுப்புகிறேன், அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

அக்காள்


பனைவிளை
30-7-1950

தம்பிக்கு,

நாங்கள் சுகம். மே போனது, ஜூனும் போனது. லீவு கிடைக்கவில்லை என்று ஒரு கார்டு வந்தது. அதில் அன்னக்கிளியின் பெயரும் இல்லை, அப்பாவுக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா சம்பந்தத்தைப் பற்றி உனக்கு எழுதிய கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. "பேசாம இருக்கான்னா சம்மதம்தான்" என்று அப்பா இரணியலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகஸ்டு 13 ஞாயிறு முதல் ஓலை. மூன்று ஞாயிறு சபையில் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். மூன்றாவது ஓலையும் தாண்டிவிட்டால் செப்டம்பரில் கல்யாணம்.

ஜெபகுமாரியை நான் பார்த்தேன். நல்ல பெண். கையில் சாக்பீஸ் தூள் போகாமல் வந்து உட்கார்ந்து, "அவங்களுக்கு ரசம் பிடிக்குமா மைனி?" என்று என்னிடம் கேட்டாள். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

இப்போது உன் ஒரு பயத்துக்கு இரண்டு பெண்கள். அப்பாவுக்கு எழுது, இல்லை தந்தி கொடு. ஒரே வரி போதும்.

அக்காள்


வண்டிப்பெரியாறு
9-8-1950

அன்புள்ள அக்காளுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது.

நான் அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தால் "என் அன்புள்ள அப்பாவுக்கு" என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அவர் முகம் வந்துவிடுகிறது. முப்பது வருஷம் ஊருக்கே உபதேசித்த மனுஷன். என்னால் அவர் சபைமுன் தலைகுனிய வேண்டுமா?

ஓலை வாசிக்கிறதானால் வாசிக்கட்டும். அன்னக்கிளியையும் பிள்ளையையும் கம்பத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குக் கொஞ்ச நாள் அனுப்பி வைக்கலாம் என்று இருக்கிறேன். மாசாமாசம் செலவுக்கு அனுப்புவேன். பிறகு தேவன் ஒரு வழி காட்டுவார். மகனைப் பலியிடப் போன ஆபிரகாமுக்குக் கடைசி நேரத்தில் ஆடு கிடைக்கவில்லையா?

என்னை வெறுக்காதே.

ரசலையன்


பனைவிளை
15-8-1950

ரசலையனுக்கு,

சுகம் விசாரிக்க மனசில்லை. அன்னக்கிளியும் பிள்ளையும் எங்கே? முதலில் அதைச் சொல்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே நடக்க வேண்டியது நடந்துவிட்டது. ஐயர் ஓலையை வாசித்தார். பனைவிளை சபை ஜான்ரோஸ் உபதேசியாரின் குமாரன் என்று தொடங்கினதும் அப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐயர் முடித்துவிட்டு, இதற்குத் தடை சொல்வார் உண்டா என்று கேட்டார். நம் சபையில் அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னது கிடையாது. ஐயர்களும் பதிலுக்கு நிற்பதில்லை, அடுத்த பாட்டு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அவர் பாட்டு எண்ணைச் சொல்லுமுன் நான் பாயை விட்டு எழுந்தேன். முன்னால் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"தடை உண்டு ஐயரே."

அப்பா திரும்பிப் பார்த்தார். "நேசம், இரிட்டி."

"இரிக்க மாட்டேன் அப்பா. ஒங்க மவனுக்குக் கெட்டுனவளும் பிள்ளையும் உண்டு. எஸ்டேட்டுல இருக்கா. இன்னொரு பெண்ணு பேரு அவன் பேரோட சேத்து வாசிக்கப்பிடாது."

அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தேன். சபையிடம் சொல்ல மாட்டேன் என்று கொடுக்கவில்லையே. நீ வேண்டுமானால் இதைப் பொய் என்று வைத்துக்கொள், ஆபிரகாம், ஈசாக்கின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்.

அன்றைக்கு மத்தியானமே இரணியல் போய் ஜெபகுமாரியிடம் நானே சொன்னேன். அவள் எனக்கு உட்கார ஒரு பாய் எடுத்துப் போட்டாள். பிறகு, "மொத ஓலையிலயே சொன்னியளே, அதுவரைக்கும் நல்லது" என்றாள். அவளுடைய அப்பா என்னைத் திட்டினார். திட்டட்டும்.

நம் அப்பா என்னிடம் பேசுவதில்லை.

இத்தனைக்கும் பிறகு உன் கடிதத்தைப் படித்தேன். ஆட்டைப் பற்றி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நீ பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பாடம் இல்லை. ஆபிரகாம் தனக்குப் பிள்ளை பெற்ற அடிமைப்பெண் ஆகாரையும் அந்தப் பிள்ளையையும் அப்பமும் தண்ணீரும் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பினாரே, அந்தப் பாடம். நீ பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுப்பாய், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பாலைவனத்தில் பிள்ளை அழுததைக் கேட்டது தேவன்தான், ஆபிரகாம் இல்லை. ஆபிரகாம் வீட்டில் இருந்தார்.

உன்னை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் இத்தனை நீளம் எழுத மாட்டேன். ஆபிரகாமும் யாக்கோபும் விசுவாசிகள் என்று பெயர் வாங்கியது குற்றமே செய்யாததால் இல்லை. பயத்தோடேயே எழுந்து அடுத்த அடி வைத்தார்கள், அவ்வளவுதான். நீயும் எழுந்திரு. சபை முழுக்கத் தெரிந்துவிட்டது, இனி மறைக்க உன்னிடம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு மட்டும் உன் வாயால் நீயே சொன்னதாக இருக்கட்டும்.

அக்காள்


வண்டிப்பெரியாறு
3-9-1950

நேசம்மாள் அம்மாவுக்கு அன்னக்கிளி கும்பிட்டு எழுதுறது.

நானும் பாப்பாவும் சொகம். எழுத்து கோணலா இருக்கும், மன்னிக்கணும். போன வருசந்தான் இவரு சொல்லிக் குடுத்தாரு. நீங்க தச்ச கவுனுல பாப்பா இன்னம் ஒரு வருசம் வளரலாம், அம்புட்டுப் பெருசு.

நாங்க கம்பத்துக்குப் போகல. இவரு போகச் சொல்லித் துணியெல்லாம் மூட்டை கட்டி வச்சாரு. நான் மூட்டைய அவுத்து எல்லாத்தையும் மறுபடி கொடியில போட்டேன். போகணும்னா நீங்க போங்க, நான் கொழுந்து பறிச்சு எம்பிள்ளையக் காப்பாத்துவேன்னு சொன்னேன். அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எம்மேல கோவம்னு நெனச்சேன். அது கோவம் இல்ல, வெக்கம்.

பெறகு ஒங்க கடுதாசி வந்துச்சு. படிச்சுட்டு வாசல்ல தூத்தல்ல ஒக்காந்துட்டாரு. அப்புறம் எங்கிட்டயே குடுத்துப் படிக்கச் சொன்னாரு. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு ஒரு பொழுது ஆச்சு. ஆகார்னா யாருன்னு கேட்டேன். கதைய முழுசாச் சொன்னாரு, அழுதாரு.

சம்பளத்தன்னைக்கு எல்லாரும் ஆபீசு முன்னால நின்னாங்க. என்னையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போயி, இது எம் பொண்டாட்டி, இது எம் மகள்னு மேனேஜர்கிட்டச் சொன்னாரு. எல்லாருக்கும் முன்னமே தெரியும், ஆனாலும் அவரு வாயால சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான். ஒங்கப்பாவுக்கும் எழுதிட்டாரு. எழுதி எழுதிக் கிழிச்சாரு. கடைசியா எழுதினத நானே கொண்டுபோயி தபால்ல போட்டேன், திரும்ப வாங்கிக் கிழிச்சிருவாரோன்னு.

எனக்காக நீங்க அத்தனை பேருக்கு முன்னால எந்திரிச்சு நின்னீங்களாம். இந்த ஒலகத்துல எனக்காக யாரும் எந்திரிச்சு நின்னதில்ல. ஒங்க கோவிலப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க இருக்குற கோவிலு நல்ல கோவிலாத்தான் இருக்கும்.

அன்னக்கிளி


பனைவிளை
17-9-1950

என் குமாரன் ரசலையனுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு இருமல் நின்றது. நேசம் சுகம். உன் கடிதம் வந்தது. ஓலை வாசித்த நாளிலிருந்து நேசத்திடம் நான் பேசவில்லை. உன் கடிதத்தை வாசித்த பிறகு, "ஏட்டி, இந்தா, நீயும் வாசி" என்று கொடுத்தேன். அவள் வாசிக்காமல் முதலில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

உன்மேல் கோபம் உண்டு. இல்லையென்று எழுதினால் பொய். ஒரு நல்ல குடும்பத்துக்குத் தலைகுனிவு உண்டாக்கினாய். வீட்டில் விளக்கேற்றுகிறவளை யாரோ ஒருவனின் தங்கை என்றாய். இரணியலுக்குப் போய் அந்தத் தகப்பனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். நீயும் ஒருநாள் போய்க் கேட்க வேண்டும்.

அவள் எந்த ஜாதி என்று நான் கேட்காமலே எழுதியிருக்கிறாய். அப்பா கேட்பார் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுத்தான் இருப்பேன். நம்மையும் ஒரு காலத்தில் ரோட்டில் நடக்க விடாதவர்கள் இருந்தார்கள் என்று பிரசங்கத்தில் சொல்கிற நான் அதைக் கேட்டிருப்பேன்.

போன ஞாயிறு பிரசங்கம் என் முறை. ஆபிரகாம் எகிப்துக்குப் போன இடத்தை எடுத்துக்கொண்டேன். பேசித் தேய்ந்த பாடம், குறிப்புகூட வேண்டாம் என்று எழுந்தேன். விசுவாசி ஏன் பயந்தான் என்பதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். யாருக்குப் பயந்தான் என்று விளக்க இதுவரை தேவை வந்ததில்லை. அன்றைக்கு அந்த இடத்துக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது. என் மகன் பெண்டாட்டியை மறைத்தது எஸ்டேட் துரைக்குப் பயந்து இல்லை, சபைக்குப் பயந்தும் இல்லை. எனக்குப் பயந்து. இத்தனை வருஷமும் நான் ஆபிரகாமின் பக்கம் நின்று கதை சொன்னேன் மக்கா. என் வீட்டுக் கதையில் நான்தான் பார்வோன். பாட்டைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எனக்கு உடம்புக்கு என்னவோ என்று சபையார் நினைத்தார்கள்.

கிறிஸ்மஸுக்கு மூன்று பேரும் வரலாமா என்று கேட்டிருக்கிறாய். அனுமதி கேட்பதுபோல எழுதியிருக்கிறாய். அத்தனை நாள் எனக்குப் பொறுக்காது. பயந்தவனை மலை இறங்கி வா என்று சொல்வதும் நியாயமில்லை. பயப்படுத்தினவன் ஏறி வருகிறேன். 27-ஆம் தேதி புதன்கிழமை கருங்கலில் பஸ் ஏறுகிறேன். நேசமும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வருகிறாள்.

மருமகளிடம் உபதேசியார் வருகிறார் என்று சொல்லிப் பயமுறுத்தாதே. மாமா வருகிறார் என்று சொல்.

உன் அப்பா,
ஜான்ரோஸ்